காலிச் சொளவு

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி.
ஆட்களைவிட இயந்திரத்துக்குத்தான் இங்கே ஏசி.
முடி கனத்து நீரோட்டத்தில்
ஒன்றன்பின் ஒன்றாய்ப் போகின்றன செல்கள்,
லேசர் படும்போது ஒருமுறை மின்னிவிட்டு.
திரையில் புள்ளி. புள்ளி. புள்ளிமேல் புள்ளி.

எந்தப் பாடத்தையும் எனக்கு
முக்கூடல் வழியாகத்தான் புரிந்துகொள்ளத் தெரியும்.
பீடிக்கடை வாசலில்
சொளவை நீட்டிக்கொண்டு நிற்பாள் அம்மா.
தரம் பார்க்கிற சேர்மதுரை
ஒரு கட்டை உருவுவார், நசுக்குவார், முகர்வார்.
எங்கள் வீட்டுக்குள் அவர் ஒருநாளும் வந்ததில்லை.
உள்ளே எந்தத் தூள், எந்த இலை என்பதெல்லாம்
சொளவிலேயே தெரியும் அவருக்கு.

செல்லும் அப்படித்தான்.
உள்ளே செய்கிற புரதத்திலெல்லாம்
துணுக்குத் துணுக்காய்க் கிள்ளி
வெளியே ஏந்திக்கொண்டு நிற்கிறது,
கேட்பதற்கு முன்னாலேயே.
டி செல் வரும், தடவிப் பார்க்கும், போகும்.
துணுக்கு அந்நியம் என்றால்
அந்தச் செல்லின் கதை அன்றோடு சரி.

வைரசுக்கு இது தெரியும்.
தெரியும் என்று எழுதினால் எங்கள் டாக்டர் அடித்துவிடுவார்.
சரி, தெரியாமலே செய்கிறது:
வாசலுக்குக் கிளம்பிய சொளவை
நடுவழியில் பிடுங்கி
முறித்து அடுப்பில் போடுகிறது.

எல்லா வைரசும் அல்ல.
போன ஐப்பசியில் மேலப்பாளையத்து டெங்குக் குழாய்களில்
நேர் எதிர் பார்த்தோம்.
வாசல் கொள்ளாமல் சொளவு.
காலி வாசலைத் தேடி அலைகிற ஒருவன் உண்டு,
அவன் 'இங்கே எல்லாம் ஒழுங்கு' என்று
தாண்டிப் போய்விடுவதற்கு.

இன்றைக்கு வந்த குழாய்:
ஆறுமுகநயினார், நாற்பத்தொன்று, களக்காடு.
வாழைத்தார் ஏற்றுகிற லாரி ஒன்று சொந்தம்,
கடன் பாதி.
நாலு மாதத்துக்கு முன் சிறுநீரகம் மாற்றியது.
கொடுத்தது அக்கா.
அவள் சொளவும் இவன் சொளவும்
ஒரே கைப் பின்னல் இல்லை, பாதிதான் பொருந்தியது.
சண்டை வரக்கூடாதென்று
சேர்மதுரையை மருந்து கொடுத்து
உட்காரவைத்திருக்கிறார்கள்.
அந்தச் சந்தில் எழுந்திருக்கிறது காய்ச்சல்.

திரையின் இடது ஓரத்தில்
கொஞ்சம் புள்ளிகள் சரிந்து கிடக்கின்றன.
சொளவில்லாத வாசல்கள்.
டி செல் விழித்திருந்தாலும் பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.
ஆனால் அந்த இன்னொருவன் வருவான்.
சொளவில் என்ன என்று கேட்கமாட்டான்,
எங்கே சொளவு என்பான். இல்லையென்றால் வெட்டு.
அவனுக்கும் ஓர் ஓலைச் சொளவு
செய்து வைத்திருக்கிறது இந்த வைரஸ்,
தூரத்தில் பார்த்தால் அசல் மாதிரி.
யார் ஜெயிப்பார் என்பது
என் இயந்திரத்தில் வராது.

வராந்தாவில் பிரம்மசக்தி,
நெகிழிப் பையில் நாலு கொய்யா, தம்பியின் செல்போன்.
"எனக்கு ஒரு காச்சல் கீச்சல்கூட வந்ததில்லியே.
ஏங்கிட்டயிருந்தா போயிருக்கும்?"

ஆபரேஷனுக்கு முந்தின அறிக்கை என் கோப்பில் இருக்கிறது.
அவளுக்கு: உண்டு. அவனுக்கு: இல்லை.
எந்த வயதிலோ வந்து
ஒரு தும்மலாய்க்கூடத் தெரியாமல்
அவளுக்குள் குடித்தனம் இருந்த ஒன்று.

"பெரிய டாக்டர் சொல்லுவாங்கக்கா."
சொல்லிவிட்டுப் பார்த்தேன்,
என் குரலே காலிச் சொளவாயிருந்தது.

அவள் ரத்தமும் ஒரு குழாய் வேண்டுமென்று
சீட்டு வந்திருந்தது. இன்னும் காட்டவில்லை.
அதற்குள் பையைக் கீழே வைத்து,
வளையலை மேலே ஒதுக்கி,
நீட்டிவிட்டாள் கையை,
கேட்பதற்கு முன்னாலேயே.